அம்மாவின் இடது கை

சத்திரசிகிச்சை முடிந்து அம்மாவைக் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்கு அழைத்துவந்தபோது, அவருடைய கக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாயும் அதன் முனையில் ஒரு போத்தலும் தொங்கின. மார்புப் புற்றுநோய். இடது மார்பையும் கக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தார்கள். போத்தலில் சேரும் நீரை அளந்து கொப்பியில் எழுத வேண்டும். நாளொன்றுக்கு 30 மில்லிலீட்டருக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள். முதல் நாள் 140. போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் தையல் இழுத்தது. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, கழுத்தில் மாட்ட ஒரு பை தைத்துக் கொடுத்தேன். அதன்பிறகு தனியாகவே குளியலறைக்குப் போய்வந்தார். 11ஆம் நாள் குழாயை எடுத்தார்கள்.

பெரிய பாடு அதற்குப் பிறகுதான். கை உயரவில்லை. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும் பயிற்சியை வாட்டிலேயே காட்டியிருந்தார்கள். அம்மாவோ வலிக்குப் பயந்து கையை வயிற்றோடு அணைத்தே வைத்திருந்தார். "காயம் ஆறட்டும் பிள்ளை, பிறகு செய்கிறேன்" என்பார். நானும் இரக்கப்பட்டு விட்டுவிட்டேன். அது பிழை. கதிர்ச் சிகிச்சையின்போது கையைத் தலைக்கு மேலே வைத்தபடி அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று கிளினிக்கில் வைத்தியர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று மாலையே சமையலறைச் சுவரில், அம்மாவின் விரல்கள் எட்டிய இடத்தில், பென்சிலால் முதல் கோட்டைப் போட்டேன். அது அவருடைய தோளுக்குக் கீழே இருந்தது.

கீமோ என்கிற மருந்து ஏற்றும் சிகிச்சை மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில். அரச வைத்தியசாலை, கட்டணமில்லை. போகும்போது பஸ், திரும்பும்போது ஓட்டோ. முதல் நான்கு தடவையும் 21 நாளுக்கு ஒருமுறை சிவப்பு மருந்து. அது ஏற்றிய பின் சிறுநீரும் சிவப்பாகப் போகும். அதை முன்கூட்டியே சொல்லிவைக்க மறந்துவிட்டேன். இரத்தம் என்று நினைத்து அம்மா அழுதுவிட்டார். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மருந்து ஏற்றினால், முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள் இரவு காய்ச்சல் 38.4 பாகை. விடியும்வரை பார்க்கலாம், ஒரு பனடோல் கொடு என்றார் பெரியம்மா. 38ஐத் தாண்டினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். உடனே கொண்டுபோனோம். கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. ஐந்து நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். அந்த இரவில் பெரியம்மாவோடு சண்டை பிடித்ததற்காக நான் வருந்தவில்லை.

கணுக்கள் எடுத்த கையில் ஊசி போடக் கூடாது, இரத்த அழுத்தமும் பார்க்கக் கூடாது; கை வீங்கிவிடும் அபாயம் இருக்கிறது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டது. ஆகவே எல்லாவற்றையும் வலது கையே தாங்கியது; மூன்றாவது கீமோவுக்குள் அதன் நரம்புகள் கயிறுபோல இறுகிவிட்டன. ஒருமுறை ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் நான் பணம் கட்டிவிட்டு வருவதற்குள் இடது கையில் பட்டியைக் கட்டிவிட்டார்கள். அம்மாவுக்குச் சிங்களம் ஓடாது, வாய் திறக்காமல் இருந்தார். அன்றே "வம் அத்த எப்பா" என்று சொல்லப் பழக்கினேன். இடது கை வேண்டாம் என்று பொருள். பிறகு போன இடமெல்லாம், யாரும் கேட்பதற்கு முன்பே, அம்மா அதைச் சொல்லிவிடுவார்.

சுவரில் கோடுகள் ஏறின. கீமோ ஏற்றிய வாரங்களில் ஏறவில்லை. சில நாட்களில் இறங்கவும் செய்தன. நான் எதையும் அழிக்கவில்லை. கதிர்ச் சிகிச்சைக்கு அளவெடுத்த நாளில் அம்மா கையைத் தலைக்கு மேலே வைத்துப் படுத்தார். முகம் சுருங்கியது, ஆனால் கை அங்கேயே இருந்தது. தோலில் போட்ட மை அடையாளங்களைக் குளிக்கும்போது தேய்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கதிர்ச் சிகிச்சையின் 15 நாட்களில் இன்று 9ஆவது நாள். கதிர் பட்ட இடம் இறுகும், பயிற்சியை நிறுத்த வேண்டாம் என்கிறார்கள். இதை எழுதும்போது அம்மா சுவருக்கு முன்னால் நிற்கிறார். பென்சிலைக் கொண்டுவரச் சொல்கிறார்.