8 கேட்டால் இருட்டு

சென்னை ரிச்சி தெருவில் ஒரு செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே, அதாவது ஏழு எல்இடி கோடுகளால் எண்களைக் காட்டும் பாகம், வாங்கி வந்தேன். எல்லாக் கோடுகளுக்கும் பொதுவான கால் (காமன்) மைனஸுக்குப் போகும் காமன் கேத்தோடா, பிளஸுக்குப் போகும் காமன் அனோடா என்று கேட்கவே தோன்றவில்லை. காமன் காலை கிரவுண்டில் கொடுத்தேன், ஒன்றும் எரியவில்லை. சரி என்று 5 வோல்ட்டுக்கு மாற்றினேன், எரிந்தது, ஆனால் கூத்து: நிரலில் 0 கேட்டால் நடுவில் ஒற்றைக் கோடு, 1 கேட்டால் அச்சு அசலாக ஆங்கில ஈ எழுத்து, 8 கேட்டால் ஏழு கோடும் இருட்டு, இதில் எல்லாவற்றோடும் மூலைப் புள்ளி வேறு இலவசம்.

வாங்கியது காமன் அனோடு. அதில் ஒரு செக்மென்டின் (கோட்டின்) பின் லோவாக, அதாவது 0 வோல்ட்டில், இருந்தால்தான் அது எரியும், என் நிரலோ நேர் எதிராக அனுப்பிக்கொண்டிருந்தது. பிட்டுகளை அப்படியே தலைகீழாக்கி அனுப்பினேன், முடிந்தது. மல்டிமீட்டரை டையோடு முறையில் வைத்து முதலிலேயே பார்த்திருந்தால் அரை நிமிட வேலை.

ரெசிஸ்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காமன் காலில் ஒன்றே ஒன்று போட்டால், இரண்டு கோடு எரியும் 1 பளிச்சென்றும் ஏழும் எரியும் 8 மங்கலாகவும் தெரியும். செக்மென்டுக்கு ஒன்றாக 330 ஓம் போட்டேன், சிவப்புக்கு சுமார் 9 மில்லிஆம்ப் வருகிறது, மொட்டைமாடி வெயிலைத் தவிர எங்கேயும் தெளிவாகத் தெரிகிறது.