டயர் வெடித்த வளைவு

அக்கா மகன் ஜெர்மனியில் ஆகன் நகரத்தில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பனிடம் கார் இரவல் வாங்கி வந்து, "எங்க போகணும் மாமா?" என்றான். நூர்பர்க்ரிங் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "ரேஸ் டிராக்கா? காசு கட்டினா நாமளே உள்ள ஓட்டலாம், தெரியுமா?"

நான் ஓட்ட வரவில்லை, அந்தக் காட்டுக்குள் ஒரு வளைவுப் பக்கம் போய் நிற்கவேண்டும், 1935இல் அங்கே ஒரு டயர் வெடித்தது என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தான்.

எனக்கு டயர் ரீட்ரெடிங் தொழில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் வேலை. இருபத்தைந்து வருடமாக மொட்டை டயர்களோடுதான் வாழ்க்கை. நூல் தெரிகிற டயரோடு வரும் டிரைவரிடம், "இதப் போட்டுக்கிட்டு எப்படிப்பா வந்து சேர்ந்த?" என்று கேட்காத வாரம் கிடையாது. அந்த டயர் வெடித்த 1935 பந்தயத்தைப் பற்றி முதன்முதலில் படித்தபோது, எல்லோரும் ஜெயித்தவரைப் பற்றியே எழுதியிருந்தார்கள். எனக்கோ தோற்றவரின் டயர்தான் மனதில் தங்கிவிட்டது.

ஒன்றரை மணி நேரத்தில் ஐஃபல் மலைப்பகுதி வந்துவிட்டது. கிளம்பும்போது வெயில், பாதி வழியில் தூறல், நூர்பர்க் ஊருக்குள் நுழையும்போது எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு மூடுபனி. ஊருக்கு மேலே கரிய பாறைக் குன்றின்மேல் ஒரு பழைய கோட்டை, பாதி இடிந்தது. அதன் கோபுரத்தில் ஏறி நின்றோம். கொஞ்ச நேரத்தில் பனி விலக, கீழே காடு, காட்டுக்கு அப்பால் இன்னும் காடு. டிராக் எங்கே என்றான் மருமகன். இந்தக் கோட்டையையும் ஊரையும் சுற்றிக்கொண்டுதான் போகிறது, மரங்களுக்குள் மறைந்திருக்கிறது என்று காட்டினேன். அப்போதுதான் அவனுக்கே அதன் அளவு பிடிபட்டது.

முதல் உலகப் போருக்குப் பிறகு இந்த மலைப்பகுதியில் வேலை இல்லை, வறுமை. ஆடனாவ் வட்டார நிர்வாகியாக இருந்த ஓட்டோ கிராய்ட்ஸ் இந்த டிராக்கைக் கொண்டுவரப் பாடுபட்டார். 1925இல் வேலை தொடங்கி, 1927 ஜூனில் திறந்தார்கள். வேலையற்றவர்களுக்குக் கூலி கொடுக்கவென்றே எடுத்த வேலை இது. அவர்கள் மலையை வெட்டிச் சமப்படுத்தவில்லை. மலை எப்படி ஏறி இறங்கியதோ அப்படியே சாலையும் போனது. பெரிய பந்தயங்கள் நடந்த வடக்குச் சுற்று மட்டும் அன்றைக்கு 22.8 கிலோமீட்டர். உச்சிக்கும் பள்ளத்துக்கும் ஏறக்குறைய 300 மீட்டர் உயர வித்தியாசம். இன்றைக்கு ஒரு ஃபார்முலா ஒன் டிராக் பெரும்பாலும் ஐந்து, ஆறு கிலோமீட்டர்தான்.

அன்றைய பார்வையாளர் மேடையும், பந்தயத்தின் நடுவே வண்டி நின்று பெட்ரோல் போட்டு டயர் மாற்றும் பிட்டும் இப்போது இல்லை. 1984இல் திறந்த புதிய டிராக்குக்காக இடித்துவிட்டார்கள். பழைய கொட்டகைகள் மட்டும் ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கின்றன. பந்தய நாளில் வண்டிகளை நிறுத்தி வைத்த இடம். ஒரு கதவின்மேல் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

அங்கே நின்றுதான் மருமகனுக்குக் கதையைச் சொன்னேன்.

1935 ஜூலை 28. ஜெர்மன் கிராண்ட் பிரீ, 22 சுற்று, 500 கிலோமீட்டருக்கு மேல். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டரை வருடம். அரசாங்கப் பணத்தின் உதவியோடு மெர்சிடிஸ் பென்ஸும் ஆட்டோ யூனியனும் கட்டிய வெள்ளி நிற வண்டிகள் மொத்தம் ஒன்பது நிற்கின்றன. மோட்டார் பந்தயம் அந்த ஆட்சிக்கு ஒரு பலப் பரீட்சை. எதிரே இத்தாலியிலிருந்து சிவப்பு ஆல்ஃபா ரோமியோக்கள். 1932இல் முதலில் ஓடிய மாடல், அதையே தட்டிக்கொட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜெர்மன் வண்டிகளைவிட ஏறக்குறைய நூறு குதிரைத்திறன் குறைவு. அதில் ஒன்றில் மான்டுவா ஊர்க்காரர் டாட்சியோ நுவோலாரி. வயது 42. குட்டையான, ஒல்லியான உடம்பு.

காலையில் மழை, சாலை ஈரம். ஈரமான சாலையில் வெறும் பலத்துக்கு வேலை குறைவு, கைக்குத்தான் வேலை. பத்தாவது சுற்றில் நுவோலாரி முதலிடத்துக்கே வந்துவிட்டார். அப்புறம்தான் பிட்டில் அந்தச் சோதனை. பெட்ரோல் நிரப்பும் பம்பின் கைப்பிடி உடைந்துவிட்டது. கேனிலிருந்து கையால் ஊற்ற வேண்டியதாயிற்று. மெர்சிடிஸில் வந்த மான்ஃபிரெட் ஃபான் பிரௌகிட்ச் 47 விநாடியில் வேலை முடித்துக் கிளம்பிவிட்டார். நுவோலாரிக்கு ஆனது 2 நிமிடம் 14 விநாடி. ஆறாவது இடத்துக்குப் போய்விட்டார்.

"அப்புறம்?" என்றான் மருமகன். அதற்குமேல் சொல்லவில்லை. மீதியை அந்த இடத்தில் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

நான் தேடி வந்த வளைவின் பெயர் காருசெல். காருசெல் என்றால் குடை ராட்டினம். வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுப் பாதையில் நடந்தோம். ஈர மண் வாசனை, செருப்பில் ஒட்டும் இலைகள். வளைவு கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குக் கேட்டது. ஒரு வண்டி உறுமிக்கொண்டு வரும், சட்டென்று சத்தம் அடங்கும், அப்புறம் டக் டக் டக் டக் என்று வரிசையாக அடி விழும், மறுபடி உறுமல் மேலே ஏறிப் போகும். வேலி ஓரம் போய்ப் பார்த்ததும் புரிந்தது. வளைவின் உள்பக்கம் சரிவாக, கிண்ணத்தின் ஓரம் போல காங்கிரீட் பலகைகள் பதித்திருக்கிறார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இணைப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் டயர் அடி வாங்குகிறது. ஆதியில் அது மழைநீர் ஓடும் வாய்க்கால் என்றும், மெர்சிடிஸ் ஓட்டுநர் ருடால்ஃப் கராச்சியோலா அதற்குள் சக்கரத்தை இறக்கி வளைத்துக் காட்டிய பிறகு மற்றவர்களும் பழகினார்கள் என்றும் சொல்வார்கள். அவர் பெயர்தான் இப்போது அந்த வளைவுக்கு.

அரை மணி நேரம் நான் சக்கரங்களை மட்டுமே பார்த்தேன். உள்ளே இறங்கும்போது வண்டியின் பாரம் முழுக்கச் சரிவில் அழுந்துகிறது. வெளியேறும்போது ஓட்டுநர் காலை அழுத்த, பின்சக்கரம் ஒரு கணம் வழுக்கித்தான் பிடிக்கிறது. இன்றைய ரேடியல் டயருக்கே இந்தப் பாடு. அன்றைக்குப் பருத்தி நூல் துணிமேல் ரப்பர் போர்த்திய ஒடுங்கலான டயர். அதன்மேல் 750 கிலோவுக்குள் கட்டிய வண்டி, முந்நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன். ஒவ்வொரு சுற்றிலும் நூற்றைம்பதுக்கும் மேல் வளைவு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ரப்பர் சாலைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

மீதிக் கதையை அங்கே சொன்னேன். நுவோலாரி ஒவ்வொருவராகத் தாண்டி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். முன்னால் பிரௌகிட்ச் மட்டும். பின்னால் வருபவரைத் தள்ளி வைக்க அவரும் விரட்டுகிறார். அன்றைய அதிவேகச் சுற்று அவருடையதுதான், 10 நிமிடம் 32 விநாடி. அந்த வேகத்துக்கு விலை கொடுத்தது பின் டயர். நூல் தெரியத் தொடங்கிவிட்டது, பிட்டில் இருந்தவர்கள் கவனித்துவிட்டார்கள் என்பார்கள். கடைசிச் சுற்று தொடங்கும்போது அவருக்கும் நுவோலாரிக்கும் நடுவே அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான்.

"நின்னு மாத்தியிருக்கலாமே மாமா?"

என் தொழிலில் தினமும் கேட்கிற கேள்வி அது. நின்றிருந்தால் முன்னிலை அங்கேயே போயிருக்கும். பந்தயத்தின் நடுவில் நின்றதற்கே 47 விநாடி ஆனது. லோடு இறக்கிவிட்டு மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லும் லாரி டிரைவரை நான் திட்டியிருக்கிறேன். பிரௌகிட்ச்சைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்று லட்சம் பேர் கூடியிருந்ததாகச் சொல்லும் கூட்டம், ஆட்சியாளர்கள், வெள்ளி வண்டிகள் ஒன்பதின் மானம், எல்லாம் அவர் முதுகில் இருந்தது. ஒரே ஒரு சுற்று.

அந்தக் கடைசிச் சுற்றில், காருசெல் பக்கம், இடது பின் டயர் வெடித்தது. முடிவுக்கோட்டுக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. மேடையில் இருந்த கூட்டத்தின் கண்ணுக்கு இதில் ஒன்றும் தெரியாது, ஒலிபெருக்கியில் கேட்டதுதான். முதலில் வந்து சேர்ந்தது சிவப்பு வண்டி, 4 மணி 8 நிமிடம் 40 விநாடி. இரண்டாவது ஆட்டோ யூனியனின் ஹான்ஸ் ஷ்டுக், மூன்றாவது கராச்சியோலா. பிரௌகிட்ச் வெறும் ரிம்மில் உருட்டிக்கொண்டு ஐந்தாவதாக வந்து சேர்ந்தார். டயர் கிழிந்த வண்டியை ரிம்மில் அத்தனை தூரம் ஓட்டுவது என்ன வேதனை என்பது எனக்குத் தெரியும். அவர் நின்றுவிடவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

அந்த அரை நிமிடம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆசை. அன்றைய சராசரி வேகம் மணிக்கு 121 கிலோமீட்டர், அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு நீல வண்டி வளைவை விட்டு வெளியேறியதும் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன். டக் டக் நின்றது. உறுமல் மேட்டில் ஏறியது. பத்து விநாடியில் மரங்களுக்குப் பின்னால் போனது. இருபதில் இருக்கிறதா இல்லையா என்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. முப்பதில் காடு அமைதியாகிவிட்டது, இலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

"இன்னொரு தடவ மாமா" என்றான் மருமகன், தன் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு. கீழே அடுத்த வண்டி வரும் சத்தம் கேட்டது.