தேக்காவுக்கு ஒரு மாஸ்டரை வரவழைத்த கதை

சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு சின்ன இந்திய உணவகத்தில் மேலாளராக இருக்கிறேன். சமையலும் ருசியும் முதலாளி பார்த்துக்கொள்வார். ஆள், கணக்கு, வேலை அனுமதி, மனிதவள அமைச்சு எல்லாம் என் தலையில். ஊரிலிருந்து ஒரு சமையல் மாஸ்டரை ஒர்க் பெர்மிட்டில் எடுத்த பிறகு, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல ஆளா எப்படிப் புடிச்சீங்க?" என்பதுதான். ஆள் பிடிப்பது பெரிய வேலை இல்லை. கோட்டா, அதாவது கடைக்கு இத்தனை வெளிநாட்டு ஆள் என்ற ஒதுக்கீடு, அதைப் பிடிப்பதுதான் வேலை.

முன்பு இது முடியவே முடியாது. கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் தமிழ்நாட்டு ஆள் ஒர்க் பெர்மிட்டில் வரலாம். தோசைக்கல்லுக்கு வர முடியாது. உணவகங்கள் அடங்கும் சர்வீசஸ் துறைக்கு மலேசியா, சீனா, தைவான், தென்கொரியா என்று சில இடங்கள்தான் திறந்திருந்தன. மாஸ்டர் வேண்டுமென்றால் அதற்கு மேல்படியான எஸ் பாஸ். அதற்குக் குறைந்தபட்சச் சம்பளமே 2022 செப்டம்பரிலிருந்து 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எங்கள் அளவுக் கடைக்கு அது கட்டாது. 2023 செப்டம்பர் 1 முதல்தான் இந்திய உணவகச் சமையல்காரர்களைத் தனிப் பட்டியலில் சேர்த்து, இந்தியாவிலிருந்தும் ஒர்க் பெர்மிட்டில் எடுக்க விட்டார்கள். நிலையான மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது. அப்படி எடுக்கும் ஆட்கள் மொத்தப் பணியாளர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது.

இந்த 8 விழுக்காட்டில்தான் பல கடைகள் மாட்டிக்கொள்கின்றன. கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பாருங்கள். பன்னிரண்டு பேருக்கு 8 விழுக்காடு 0.96. அதை ஒன்று என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சுழியம்தான். பதின்மூன்று பேரானால் 1.04, அப்போதுதான் ஒரு மாஸ்டர். அந்தப் பதின்மூன்றில் வரப்போகிறவரும் ஒருவர் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

சரி, எங்களிடம் எத்தனை பேர்? தலையை எண்ணினால் பன்னிரண்டு, அமைச்சின் கணக்கில் பதினொன்று. காரணம், கல்லாவில் இருக்கும் அக்காவும் சாயங்காலம் பரிமாற வரும் இன்னொருவரும் பகுதிநேரம். நாங்கள் கணக்குப் போட்டபோது உள்ளூர் ஆள் மாதம் 1,600 வெள்ளியாவது வாங்கினால்தான் முழு ஆள். 800 முதல் 1,600க்குள் என்றால் அரை ஆள். (2024 ஜூலையில் இந்த வரம்பு 1,400லிருந்து 1,600க்கு ஏறியது. நாங்கள் இறங்கியது அதற்குப் பிறகு.) இரண்டு பேரும் வரம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றார்கள். "அக்கா, சனிக்கிழமை ராத்திரியும் பார்த்துக்கறீங்களா?" என்று கேட்டேன். அவர் உடனே சரி என்றார். மற்றவர் பிள்ளையின் டியூஷன் நேரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி, இரண்டு மதிய வேளைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு அரைகள் இரண்டு முழுதாயின.

ஆனால் அன்றைக்கே விண்ணப்பிக்க முடியாது. உள்ளூர் ஆள் கணக்கை அவர்களுக்கு சிபிஎஃப் (சேமநிதி) கட்டியதை வைத்து, கடந்த மூன்று மாதச் சராசரியாகத்தான் எடுக்கிறார்கள். இது தெரியாமல் தீபாவளிக்கு ஆள் வேண்டும் என்று புரட்டாசியில் யோசித்தால் பொங்கலுக்குத்தான் ஆள் வருவார்.

அந்த இடைவெளியில் மாஸ்டரைத் தேர்ந்தெடுத்தோம். காரைக்குடிப் பக்கம், நாற்பதை ஒட்டிய வயது. வீடியோவில் முதலாளி அவரைக் குழம்பு வைக்கச் சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கத்தியைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்.

கோட்டா கிடைத்ததும் இணையம் வழியாக நானே விண்ணப்பித்தேன், கட்டணம் 35 வெள்ளி. ஐபிஏ என்னும் முன் ஒப்புதல் கடிதம் வந்தது. தொழிலாளிக்கு அவருடைய மொழியிலும் அது கிடைக்கும். தமிழ்க் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போனில் வரி வரியாகப் படித்தேன். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம். பிடித்தம் என்ற இடத்தில் சுழியம் போட்டிருந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"லெவிய எங்க கையிலதான் புடிப்பாங்கன்னு ஊர்ல சொன்னாங்க சார். கைக்கு எவ்ளோ வரும்?"

"லெவிங்கறது வெளிநாட்டு ஆளுக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுற வரி மாஸ்டர். உங்க சம்பளத்துல அதைப் புடிச்சா எங்க மேலதான் கேஸ். இதுல எழுதினதைக் குறைக்கணும்னா நீங்க எழுத்துல சம்மதிக்கணும், அமைச்சுக்கும் சொல்லணும்."

அப்படிச் சொன்ன 'ஊர்' ஒரு தரகர். எங்கள் கடைக்கு ஆள் அனுப்புவதே தான்தான் என்று மாஸ்டர் வீட்டில் முன்பணம் கேட்டிருக்கிறார். ஒரு பைசா கொடுக்க வேண்டாம் என்று மாஸ்டரின் மனைவியிடமும் பேசினேன். பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு) இருக்கிறதே, கிளியரன்ஸ் வாங்கித் தருகிறேன் என்றும் அந்தத் தரகர் ஒரு தூண்டில் போட்டிருந்தார். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் மலேசியா உண்டு, சிங்கப்பூர் கிடையாது.

மாஸ்டர் விமானம் ஏறுவதற்குள் 5,000 வெள்ளிப் பாண்டு (பிணைத்தொகை) அமைச்சுக்குப் போயிருக்க வேண்டும். ரொக்கமாகக் கட்டத் தேவையில்லை. காப்புறுதி நிறுவனத்தில் உத்தரவாதமாக வாங்கிக்கொள்ளலாம். மருத்துவக் காப்புறுதியும் கூடவே எடுத்தாக வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு. திருச்சியிலிருந்து நேரடி விமானம். வந்த இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, பெர்மிட் வழங்கல், பெண்டமியர் ரோட்டு சேவை நிலையத்தில் கைரேகை என்று மிச்சம் எல்லாம் தானாக ஓடியது.

இப்போது கல்லா அக்கா, மகள் பிரசவத்துக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போக வேண்டும், சில மாதம் விடுப்பு கொடு என்கிறார். சம்பளமில்லா விடுப்பு என்றால் சிபிஎஃப் இல்லை, சராசரி இறங்கும், பதின்மூன்று பன்னிரண்டாகும், மாஸ்டரின் புதுப்பிப்பு இழுபறியாகும். போக வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மாலை வேளைக்கு உள்ளூர் ஆள் தேவை என்று நேற்றே வாசலில் எழுதி ஒட்டிவிட்டேன்.