ஷாஃப்ட் டிராயிங்குக்கு எத்தனை வியூ?

கேட் (CAD, கணினியில் வரைபடம் போடுவது) படித்துவிட்டு வருகிறவர்கள் எதைக் கொடுத்தாலும் முன், மேல், பக்கம் என்று மூன்று வியூவை இழுத்துப் போட்டுவிடுவார்கள். குளச்சல், சின்னமுட்டம் விசைப்படகுக்கான புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு (புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு) அது வீண்வேலை. உருளைக்கு மேலிருந்து பார்த்தாலும் முன்னிருந்து பார்த்தாலும் அதே செவ்வகம்தான். விட்டத்தை Ø போட்டு எழுதினால் ஒரு வியூ போதும். மீதி இடம் கீவேக்கும் (சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) டேப்பருக்கும் (கூம்பாகச் சிறுக்கும் முனை) வேண்டும்.

2400 மி.மீ. நீளமும் 50 விட்டமும் உள்ள ஷாஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். ஏ3 தாளின் அகலமே 420. 1:10-இல், அதாவது பத்தில் ஒரு பங்காக, போட்டால் தாளுக்குள் அடங்கும். ஆனால் 12 மி.மீ. கீவே 1.2 மி.மீ. கோடாகிவிடும். அதனால் 1:2 வைத்து, நடுவே பிரேக் வியூ கொடுத்து (ஒரே மாதிரியான நடுப்பகுதியை விட்டுவிட்டு) இரண்டு முனைகளையும் அருகில் கொண்டுவர வேண்டும். சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் அளவு அப்போதும் 2400 என்றே காட்டும். ஆட்டோகேடில் கோட்டைக் கையால் வெட்டிச் சுருக்கியிருந்தால் சுருங்கிய நீளம்தான் வரும், கவனம்.

கீவேக்கு செக்‌ஷன் வியூ, அதாவது குறுக்கே வெட்டிக் காட்டும் தோற்றம், அவசியம். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 150 மி.மீ. நீளத்தில் 1:10 டேப்பர் என்றால் விட்டம் 50-இலிருந்து 35-க்கு இறங்கும். நடுவில் வெட்டினால் 42.5, பத்து மி.மீ. தள்ளினால் ஒரு மி.மீ. மாறிவிடும். ஆக, வெட்டுக்கோடு முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளவு கொடுக்காத செக்‌ஷனை வைத்து கீவே ஆழத்தைச் சரிபார்க்க முடியாது. மரை முடியும் இடத்துக் காடிக்கு 2:1-இல், இரண்டு மடங்கு பெரிதாக்கிய டீட்டெயில் வியூ ஒன்று. ஷாஃப்டை நீளவாக்கில் வெட்டி ஹேட்ச் (வெட்டுப்பரப்பைக் காட்டும் சாய்கோடுகள்) போடுவது மரபில்லை. எல்லாப் பாகங்களையும் சேர்த்துக் காட்டும் அசெம்பிளி செக்‌ஷனில் ஷாஃப்டை வெட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

ஷாஃப்டைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு மூன்று வியூவும் வேண்டும். அதற்கு முன் ஷீட் ப்ராப்பர்ட்டீஸில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் (வியூக்களைத் தாளில் அடுக்கும் நம் நாட்டு முறை) இருக்கிறதா என்று பாருங்கள். நம் முறையில் மேல் வியூ கீழே வரும், இடப்பக்க வியூ வலப்பக்கம் வரும். டெம்ப்ளேட் அமெரிக்க முறையில், தேர்ட் ஆங்கிளில், இருந்து எந்த முறை என்று சொல்லும் குறியீடும் இல்லாவிட்டால் ஒருபக்கம் தள்ளியிருக்கும் போல்ட் துளை எதிர்ப்பக்கம் போய்விடும். வார்ப்பு முடிந்தபின் அதற்கு மருந்து கிடையாது.

பிரிண்ட் எடுக்கும்போது 'ஃபிட்' (தாளுக்கு ஏற்ப அளவை மாற்றுவது) கொடுக்காதீர்கள். ஏ3 டிராயிங் ஏ4-இல் சுமார் 71 சதவீதமாகச் சுருங்கும். டைட்டில் பிளாக்கில் மட்டும் 1:2 என்றே நிற்கும்.