ஊர் திரும்பிய பிறகு வரும் காய்ச்சல்

ராமேஸ்வரத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது டெங்கு விஷயத்தில் எனக்குத் தலைவலி உள்ளூர்க்காரர்கள் இல்லை, யாத்திரை வருபவர்கள்தான். உள்ளூர் ஆளிடம் மறுநாளும் போய்த் தண்ணீர் டிரம்மைக் கழுவச் சொல்லலாம். வெளியூர்க்காரர் அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டு ராத்திரி ரயில் ஏறிவிடுவார். டெங்குக் கொசு கடித்தாலும் காய்ச்சல் தெரிய 4 முதல் 10 நாள் ஆகும். அதற்குள் அவர் சேலத்திலோ நாக்பூரிலோ இருப்பார்.

"கடல் காத்துல கொசு எங்க தம்பி நிக்கும்?" என்று ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். விடுதியின் பின்பக்கம் கூட்டிப்போய், மழைத் தண்ணீர் தேங்கிய இளநீர்க் கூட்டைக் காட்டினேன். டார்ச் அடித்ததும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. அந்த அம்மா அப்புறம் எதுவும் கேட்கவில்லை. படகில் கட்டிக் கழித்துப்போட்ட டயர், குடிநீர் வரும் நாளில் பிடித்துவைக்கும் பேரல் எல்லாம் இதே கதைதான். வறண்ட மாவட்டம் என்பதாலேயே இங்கே வீட்டுக்கு வீடு தண்ணீர் சேர்த்துவைக்கிறார்கள்.

ராத்திரி கொசுவர்த்தி கொளுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். இந்தக் கொசுவோ பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் அதிகம். அதற்காக, ஈர வேட்டியோடு தீர்த்த வரிசையில் நிற்பவரிடம் முழுக்கைச் சட்டை போடுங்கள் என்று சொல்ல முடியுமா? அதை நான் விட்டுவிட்டேன். ஊருக்குப் போன பிறகு செய்யவேண்டியதைத்தான் அழுத்திச் சொல்வேன். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், ராமேஸ்வரம் போய்வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள், ரத்தக்கசிவு கூடிவிடும். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அசந்துவிடாதீர்கள். அந்த ஓரிரு நாளில்தான் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று நிலைமை மோசமாகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரம் அது. நிலவேம்புக் குடிநீர் குடிக்கலாமா என்பார்கள். குடியுங்கள், அதை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள் என்பேன்.

வேனில் கூட்டமாக வந்தால் சமையல்காரரைத்தான் பிடிப்பேன். எல்லாரும் அவர் பேச்சைக் கேட்பார்கள். தண்ணீர் டிரம்மும் அவர் பொறுப்பு. கொட்டிக் கவிழ்த்தால் போதாது, உள்சுவரை நார் போட்டுத் தேய்க்கவேண்டும் அண்ணே என்பேன். ஒட்டிய கொசு முட்டை காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்து தண்ணீர் ஊற்றும் ஊரில் பொரியும்.