சிப்பிப்பாறைய வாங்கிட்டு வந்து கேட்டாண்ட கட்டாதீங்க

கெலமங்கலம், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைன்னு நம்ம பக்கம் இப்ப நெறைய பேரு சிப்பிப்பாறை நாய்க்குட்டி கேக்கறாங்க. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் மனதின் குரல் ரேடியோ பேச்சுல ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொல்லி நாட்டு நாய வளத்துங்கன்னு பேசினாரு, அப்பலேர்ந்து இந்த பேருங்க எல்லார் வாய்லயும் வருது. சந்தோஷம்தான். ஆனா வாங்கின மறுநாளே கேட்டாண்ட ரெண்டு முழம் சங்கிலில கட்டிடறாங்க பாருங்க, அத பாக்கறப்ப வயிறு எரியுது.

இது ஓடறதுக்குன்னே வளத்த நாய்ங்க. சாத்தூர், கோவில்பட்டி சுத்துவட்டாரத்துல கரிசக்காடு, மரம் மட்டை கம்மி, கண்ணுக்கெட்டின தூரம் வெட்டவெளி. அங்க முயல் வேட்டைக்கு வெச்சிருந்த இனம், மோப்பம் புடிச்சி போறத விட கண்ணால பாத்து துரத்தற ஜாதி. சலூக்கிங்கற அரபு வேட்டை நாய் வழில வந்ததுன்னும் சிலபேர் சொல்றாங்க, அது எப்படியோ, உடம்ப பாத்தாலே எதுக்கு பொறந்ததுன்னு தெரிஞ்சிடும்.

எங்க வீட்ல இருக்கறது செவலை பொட்டை. குறுகின நீள மூஞ்சி, காது பின்னால மடிஞ்சி தலையோட ஒட்டி இருக்கும், நெஞ்சு நல்லா கீழ எறங்கி வயிறு உள்ள ஒட்டிக்கும், வாலு சாட்டை மாதிரி மெல்லிசா நீண்டு நுனில லேசா வளையும். சாம்பல், மான் நிறத்துலயும் வரும், கருப்புல புருவத்து மேலயும் கால்லயும் செவப்பு பொட்டு இருந்தா அத கன்னிம்பாங்க. நல்லா தின்னு ஆரோக்கியமா இருக்கறப்பவே கடைசி விலா ரெண்டு மூணு தெரியும், அதான் சரியான உடம்பு. பக்கத்து தோட்டத்து அக்கா வந்தா "ஏம்ப்பா, வாயில்லா ஜீவனுக்கு சோறு கீறு போடறியா இல்லியா"ன்னு கேக்காம போகமாட்டாங்க. கேவுரு களிய மோர்ல கரைச்சி ஊத்தறோம், அப்பப்ப முட்டை, கறி, எல்லாம்தான் தின்னுது. கொழுக்க வெச்சிடாதீங்க, அந்த மெல்லிசு கால் பாரம் தாங்காது.

குணம்னா அமைதி. சும்மா சும்மா கொலைக்காது. வெளியாளு வந்து தடவினா தள்ளி போய் நின்னுக்கும், வீட்ல ஒருத்தர்கிட்ட மட்டும் உசுரா ஒட்டிக்கும், அவங்க சத்தமா திட்டிட்டா அன்னிக்கு பூரா மூலைலதான். அடிச்சி பழக்கறதுக்கான நாய் இல்லங்க இது, நெசமாவே ஒடைஞ்சி போயிடும்.

ஆனா அறுத்த கேவுரு காட்டுல ஒரு மயிலு அசைஞ்சா போதும், காது தூக்கி, ஒரு முன்னங்கால் மடங்கி, தொடை நடுங்கும், அடுத்த நொடி அங்க இருக்காது. கூப்பிட்டா காதுல ஏறாது. அதனால வேலி போட்ட எடத்துலதான் அவுத்து விடணும், ரோட்டோரத்துல விட்டா வண்டில மாட்டிக்கும். முயலு மேல விடறதும் கூடாது, 1972 வன உயிரின சட்டப்படி குற்றம், அந்த காலம் முடிஞ்சிடுச்சு.

நம்ம ஊருக்குன்னு தனியா பாத்துக்க வேண்டியது குளிரு. அது வெயிலுக்கு பழகின உடம்பு, தோல் மேல முடியே கொஞ்சம்தான், தளி பக்கம் மார்கழி பனில வெளிய கட்டினா விடிய விடிய நடுங்கும். நாங்க ராத்திரில உள்ளதான் படுக்க வெக்கறோம், கோணி மேல பழைய போர்வை. காட்டோரம் வீடு இருக்கறவங்களுக்கு இன்னொன்னு, சங்கிலில இருக்கற நாய் சிறுத்தைக்கு லேசா கெடைச்சிடும், அதால ஓடக்கூட முடியாது.

ஊத்தங்கரை தாண்டினா செங்கம் வட்டாரத்துல எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு, பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்துது, 7ஆம் நூற்றாண்டு. எருமைங்கள காப்பாத்த போய் செத்த வீரனோட அவன் நாயையும் செதுக்கி, கோவிவன்னு பேரும் வெட்டி, கள்ளன் ரெண்டு பேர கடிச்சி காத்து நின்னுச்சுன்னு எழுதி வெச்சிருக்காங்க. என்ன இனம்னு கல்லுல இல்ல. ஆனா நாய்க்கு கல்லுல பேர் வெட்டின சீமை நம்ம சீமை, எனக்கு அது ரொம்ப பெருமை.

குட்டி எடுக்கறவங்க தாய், தகப்பன் ரெண்டையும் நேர்ல பாத்து எடுங்க, கிரேஹவுண்டுங்கற வெளிநாட்டு நாய கலந்துட்டு சுத்தமான சிப்பிப்பாறைன்னு விக்கறாங்க. காட்டுப்பன்னி காவலுக்குதான் வேணும்னா தேனி பக்கத்து கோம்பைய விசாரிங்க, கட்டுக்கோப்பான உடம்பு, கருமூஞ்சி, அதுதான் அந்த வேலைக்கு. தினம் காலைல ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா ஓட விட எடமும் நேரமும் இருக்கறவங்க மட்டும் சிப்பிப்பாறை எடுங்க.