நமீபியாவில் டிரக் பயணம்: சோசஸ்வ்லே முதல் எட்டோஷா வரை

நமீபியாவுக்கு ஓவர்லேண்ட் டிரக் பயணம் போகப் பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ராத்திரி எங்கே தங்க வைக்கிறீர்கள் என்பதுதான். சோசஸ்வ்லேயில் பூங்கா கேட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? எட்டோஷா வனவிலங்குப் பூங்காவில் வேலிக்கு உள்ளேயா, வெளியேயா? சாப்பாடு, டிரக், கைடு எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். விலை குறைந்த பயணங்கள் காசை மிச்சம் பிடிப்பது இந்த இரண்டு இரவுகளில்தான்.

செஸ்ரியெம் என்ற இடத்தில்தான் சோசஸ்வ்லே மணல்மேடுகளுக்கான நுழைவாயில். அங்கே இரண்டு கேட். வெளி கேட் சூரிய உதயத்தில் திறக்கும், அஸ்தமனத்தில் மூடும். உள்ளேயே முகாமிட்டவர்களுக்கு மட்டும் உள் கேட் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திறக்கும். அங்கிருந்து 'டியூன் 45' என்ற மேட்டுக்கு 45 கி.மீ.; பெயரே அந்தத் தூரத்தால் வந்தது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் முக்கால் மணி நேரம். உள்ளே தங்கியவர்கள் அடிவாரத்தை அடையும்போது விடிய இன்னும் கால் மணி நேரம் இருக்கும். வெளியே தங்கியவர்கள் வந்து சேரும்போது வெயில் ஏறி, மேட்டின் ஒரு பக்கச் சிவப்புக்கும் மறுபக்கக் கருநிழலுக்கும் நடுவிலிருக்கும் அந்தக் கூர்மையான கோடு மங்கத் தொடங்கியிருக்கும். அவ்வளவு தூரம் போய் இதைத் தவறவிடுவது வருத்தமான விஷயம்.

பொதுவான சுற்று இப்படி: தலைநகர் வின்ட்ஹுக்கில் தொடங்கி, தென்மேற்கே செஸ்ரியெம், பிறகு கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்ட், அங்கிருந்து ஸ்பிட்ஸ்கோப்பே பாறைகள், வடக்கே எட்டோஷா, திரும்ப வின்ட்ஹுக். நிதானமாகச் சுற்ற ஏழெட்டு நாள் வேண்டும். நான்கே நாளில் முடிப்பதாகச் சொன்னால், பகல் முழுதும் டிரக்கிலேயே கழியும் என்று அர்த்தம்.

டிரக் என்பது லாரி சட்டகத்தின் மேல் கட்டிய பேருந்து. இருபது பேருக்குக் குறையாமல் உட்காரலாம். இருக்கைகள் உயரத்தில் இருப்பதால் புல்லுக்கு மேலாகப் பார்க்க முடியும். சரணாலயத்தில் இது பெரிய லாபம். பைகளை வைக்கச் சிறு லாக்கர்தான் கிடைக்கும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதில் நுழையாது. துணிப்பையாக, 12 முதல் 15 கிலோவுக்குள் கட்டுங்கள்.

நெடுஞ்சாலையை விட்டிறங்கினால் சரளைச் சாலை. வண்டிகள் வேகமாக ஓடி ஓடி, அதன் மேற்பரப்பு தகரக்கூரை போல வரிவரியாகிவிடும். சக்கரம் ஒரு வரியில் துள்ளி விழும் இடத்தில் அடுத்த வரி ஆழமாகும். சாலையைச் சமன்செய்யும் கிரேடர் இயந்திரம் வந்து சீவும்வரை இது கூடிக்கொண்டே போகும். பின் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு இடுப்பு கழன்றுவிடும். முதுகுவலி உள்ளவர்கள் முதல் நாளே கைடிடம் சொல்லி, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இடம் கேட்டு வாங்குங்கள். எதிரே வண்டி வந்தால் ஜன்னலை உடனே மூடுங்கள். அந்தப் புழுதி மாவைவிட நைஸ். கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஓடும் வண்டியில் லென்ஸ் மாற்ற வேண்டாம். செஸ்ரியெமிலிருந்து ஸ்வாகோப்முண்ட் 350 கி.மீ. அளவுதான். ஆனால் நடுவில் சாலிட்டேரில் ஆப்பிள் பை சாப்பிட ஒரு நிறுத்தம், மகர ரேகைப் பலகை அருகே ஒரு நிறுத்தம், கூர்கல் டயரைக் கிழித்தால் இன்னொன்று என்று பகல் முழுவதும் போய்விடும்.

கூடாரம் நீங்களேதான் அடிக்க வேண்டும். பெரும்பாலும் இருவர் தங்கும் டோம் டென்ட். மெத்தை தருவார்கள், ஸ்லீப்பிங் பேக் நம்முடையது. இங்கேதான் நம்மூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். பாலைவனம் என்றதும் மெல்லிய போர்வையோடு வந்துவிடுகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகலில் 20, 25 டிகிரி இருக்கும் இடத்தில் விடியற்காலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும். வறண்ட காற்றுக்கும் மேகமில்லாத வானத்துக்கும் சூட்டைப் பிடித்துவைக்கத் தெரியாது. 0 டிகிரி வரை தாங்கும் பை, கம்பளிக் குல்லாய், கையுறை மூன்றும் அவசியம். மின்சாரத்துக்கு, அங்குள்ள பிளக் பாயின்ட் நம் வீட்டில் ஏ.சி.க்கும் கீசருக்கும் இருக்கும் பெரிய மூன்று துளை மாதிரிதான். எலக்ட்ரிக்கல் கடையில் பெரிய பின் வைத்த கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போனால் போதும்.

இப்போது மணல். ஜூலையில் அங்கே ஏழரை மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கும். அதனால் ஐந்தரைக்கு எழுந்தாலே உள் கேட்டில் முதல் வரிசையில் நிற்கலாம். டியூன் 45-இல் ஏறும்போது முகட்டின் மேலேயே, முன்னே போனவர் காலடித் தடத்தில் கால் வையுங்கள். சரிவில் ஏறினால் இரண்டடிக்கு ஓரடி வழுக்கும். கைடு தேர்வு கொடுத்தால் எங்கள் பரிந்துரை வேறு: டியூன் 45-ஐத் திரும்பும்போது பார்த்துக்கொண்டு, நேராக, பட்ட மரங்கள் நிற்கும் களிமண் தரையான டெட்வ்லேக்குப் போய்விடுங்கள். தார்ச்சாலை 60-ஆவது கி.மீ.யில் முடியும். மீதி 5 கி.மீ. ஆழ்மணல், டிரக் போகாது, நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மாற வேண்டும். அந்தக் கட்டணம் உங்கள் தொகையில் சேர்ந்ததா என்று முன்பே கேளுங்கள். சொந்தமாக ஜீப் ஓட்டி வருபவர்கள் புதைந்துபோவதற்குக் காரணம் அநேகமாக டயர் காற்று. 1.5 பார் அளவுக்கு இறக்கினால் டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். இறக்காவிட்டால் வெட்டிக்கொண்டு உள்ளே போகும்.

வண்டியை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நடந்தால் டெட்வ்லே. வெள்ளைக் களிமண் தரை, அதில் கறுத்து நிற்கும் பட்ட மரங்கள். சௌசாப் ஆறு வெள்ளம் கொண்டுவந்த காலத்தில் வளர்ந்த ஒட்டகமுள் மரங்கள் அவை. மணல்மேடுகள் நகர்ந்து ஆற்றை அடைத்தன. மரங்கள் செத்து 600, 700 ஆண்டுகள் ஆகின்றன. கல்லாக மாறிவிட்டன என்று சிலர் சொல்வது தவறு. மக்குவதற்கு ஈரம் இல்லாமல் காய்ந்து நிற்கும் மரக்கட்டைதான். அதனால்தான் சாய்வதும் தொடுவதும் கூடாது. ஒடிந்த கிளை திரும்ப வராது. எதிரே 300 மீட்டருக்கு மேல் எழும் 'பிக் டாடி' மேட்டில் வெளிச்சம் விழுந்து, கீழே தரை இன்னும் நிழலில் இருக்கும் சில நிமிடங்களுக்காகவே சீக்கிரம் வரச் சொல்கிறோம். பத்து மணிக்கு மேல் மணல் சுடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும், மூடிய ஷூவும் வேண்டும்.

இந்த மணல் தெற்கே ஆரஞ்சு ஆறு கடலில் கொட்டியது. பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் அதை வடக்கே கொண்டுவந்து கரையில் சேர்க்க, காற்று உள்நாட்டுக்கு ஏற்றியது. கரையிலிருந்து உள்ளே போகப் போக மணலின் வயதும், அதன்மேல் படிந்த இரும்புத் துருவும் கூடும், சிவப்பும் கூடும். 2013-இல் யுனெஸ்கோ இந்த மணற்கடலை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

அதே குளிர் நீரோட்டம்தான் கரையோரத்தில் மூடுபனியை உண்டாக்குகிறது. மழை கிட்டத்தட்ட இல்லாத இடத்தில் உயிர்கள் குடிப்பது இந்தப் பனியைத்தான். பனி அடர்ந்த காலையில் மணல்முகட்டில் குனிந்து பாருங்கள். நகத்தளவு கறுப்பு வண்டு ஒன்று, தலையைக் கீழே தாழ்த்தி, பின்பக்கத்தை மேலே தூக்கி, அசையாமல் நிற்கும். முதுகில் பனி துளித்துளியாகக் கோத்து, உருண்டு, வாய்க்கு வரும். இதைக் காட்டித் தரும் கைடு கிடைத்தால் அவர் தொழில் தெரிந்தவர்.

ஸ்வாகோப்முண்டில் துணி துவைக்கலாம், பேட்டரி ஏற்றலாம், சூப்பர்மார்க்கெட்டில் சாமான் வாங்கலாம். அங்கிருந்து வடக்கே கேப் கிராஸில் கடல்நாய்கள் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும்; 1486-இல் போர்ச்சுகீசியர் டியோகோ காவ் சிலுவை நட்ட இடம் அது. நாற்றம் கடுமையானது, மூக்கைக் கட்டத் துணி வேண்டும். ஸ்பிட்ஸ்கோப்பேயில் கிரானைட் பாறைகளுக்கு நடுவே ஓரிரவு. தண்ணீர் குறைவு, குளியலை முந்தைய ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எட்டோஷாவுக்கு முழுதாக இரண்டு பகலாவது வேண்டும். 1907-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்த நிலத்தின் நடுவே ஏறக்குறைய 4,800 சதுர கி.மீ. உப்புத் தரை, பெரும்பாலான மாதங்கள் சொட்டு நீரில்லாமல். அதன் தென்விளிம்பில் ஊற்றுகளும் போர்வெல் குட்டைகளும் வரிசையாக இருக்கின்றன. ஜூன் முதல் அக்டோபர் வரை வேறெங்கும் தண்ணீர் இல்லாததால் மிருகங்கள் இங்கே வந்தே ஆக வேண்டும். மழை தொடங்கியதும் எங்கும் குட்டை தேங்கி, கூட்டம் சிதறிவிடும். மிருகம் பார்ப்பதே நோக்கமென்றால் ஜனவரியில் போகாதீர்கள். மழைக்காலத்தில் மலேரியா அபாயமும் அதிகம், மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பூங்காவுக்குள் வேக வரம்பு 60 கி.மீ. வேலி போட்ட கழிப்பிடங்களைத் தவிர எங்கும் இறங்கக் கூடாது. ஓக்காகுயேஜோ, ஹலாலி, நமுட்டோனி முகாம்களின் கேட்டுகள் அஸ்தமனத்தில் மூடும். காலையில் கிளம்பும் முன் முகாம் வரவேற்பறையிலுள்ள பதிவேட்டைப் புரட்டுங்கள். முந்தைய நாள் எந்தக் குட்டையில் சிங்கம், எங்கே சிறுத்தை என்று பயணிகளே எழுதிவைத்திருப்பார்கள். பிறகு பொறுமை வேண்டும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "அடுத்த குட்டைக்குப் போகலாம்" என்று கைடை நச்சரிப்பதுதான் எட்டோஷாவில் மிகுதியாக நடக்கும் தவறு. இன்ஜினை அணைத்து ஒரு மணி நேரம் இருந்தால் அங்கே ஒரு வரிசை இருப்பது புரியும். ஸ்பிரிங்போக் மான்கள் கரையோரமாகக் குடிக்கும். வரிக்குதிரைகள் வந்து நெருக்கும். ஒட்டகச்சிவிங்கி அரை மணி நேரம் தயங்கி, முன்கால்களை அகட்டிக் குனியும். அந்த நிலையில் ஓட முடியாது என்பதால் அத்தனை தயக்கம். சுண்ணாம்புப் புழுதியில் வெளுத்த யானைக்கூட்டம் வேகநடையில் வந்ததும் எல்லாம் விலகி நிற்கும்.

ஓக்காகுயேஜோவின் விளக்கு போட்ட குட்டைக்காகத்தான் வேலிக்கு உள்ளே தங்கச் சொன்னோம். சாப்பாடு முடிந்ததும் போர்வையோடு போய் உட்காருங்கள். கருப்புக் காண்டாமிருகம் பகலில் புதருக்குள்ளேயே இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் இங்கே தண்ணீருக்கு வரும். டார்ச் அடிக்கக் கூடாது, பேசக் கூடாது. வெளியே தங்கும் குழு இதையெல்லாம் விட்டுவிட்டு மாலை கேட்டுக்கு ஓட வேண்டியிருக்கும். கூடாரத்துக்குத் திரும்பியதும் ஷூவை உள்ளே எடுத்து வையுங்கள், குள்ளநரி தூக்கிப் போய்விடும். ஹலாலியில் தேன்வளைக்கரடிகள் குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும். சாப்பாட்டை டிரக்கில் பூட்டிவிடுங்கள்.

சைவர்கள் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள், முட்டையும் மீனும் சேருமா என்பது உட்பட. சமையல்காரர் முழுப் பயணத்துக்கும் முதலிலேயே சாமான் வாங்கிவிடுவார். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கையில் இருப்பது நல்லது. பணத்துக்கு தென்னாப்பிரிக்க ராண்டு போதும். நமீபிய டாலரும் அதுவும் ஒரே மதிப்பு, இரண்டும் செல்லும். மீந்த நமீபிய டாலரை வெளியே மாற்றுவது கஷ்டம், அங்கேயே செலவழித்துவிடுங்கள். எத்தியோப்பியா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டியிருக்கும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

கோமாரி நோய் பரவாமலிருக்க, வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுபோவதற்குத் தடை உண்டு. எட்டோஷாவை விட்டு வெளியேறும்போது சோதிப்பார்கள். அன்று பகல் முழுதும் வின்ட்ஹுக்குக்குச் சாலைதான், 400 கி.மீ.க்கு மேல். விமான நிலையமோ ஊருக்குக் கிழக்கே இன்னும் 45 கி.மீ. அன்றிரவே விமானம் போடாதீர்கள். ஒரு பஞ்சர் போதும், தவறிவிடும். ஓரிரவு வின்ட்ஹுக்கில் தங்கி மறுநாள் கிளம்புங்கள்.